கணினி வந்தது; கல்வி வந்ததா?

ஏழைப் பிள்ளையின் பேரைச் சொல்லிச் செலவெழுதும் திட்டங்களுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. இடைநிலைப் பள்ளிகளில் கணினி புகுந்த கதையும் அதுவே.

1997-ல் 'பெஸ்தாரிப் பள்ளி' என்றார்கள். 2011-ல் 'பெஸ்தாரிநெட்' என்றார்கள். 10,000 பள்ளிகளுக்கு இணையம், பாடம் படிக்க இணையத்தளம். மதிப்போ 400 கோடி வெள்ளிக்கு மேல்! பலன்? அத்தளத்தைப் பயன்படுத்தியோர் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லையென்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சொல்லிற்று. 2019-ல் திட்டமே முடிந்தது.

மறு ஆண்டே கொள்ளைநோய் வந்து பள்ளிக் கதவுகள் அடைபட்டன. கல்வியமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரைப் பற்றிப் பெற்றோரிடம் விசாரித்தது. 36.9 விழுக்காட்டினரிடம் கணினியுமில்லை, கைத்தொலைபேசியுமில்லை!

ஆசிரியர்களுக்கு அக்கறையில்லை என்று பழிபோடுவோர் உண்டு. பால் வெட்டும் கத்தியை வாங்கிக் குவித்தால் வாளி நிறையுமா? வெட்டப் பழகிய கை வேண்டாமா? அதுபோல், ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். பழுதைப் பார்க்கப் பள்ளியிலேயே ஆள் வேண்டும். பிள்ளையின் வீட்டில் கருவி வேண்டும். இவை இல்லாத கணினி, தூசி படியும் பெட்டி.

செக்ரோல் எழுதும் கிராணிக்குத் தெரியும்: வாங்கியது ஒரு கணக்கு, பயன்பட்டது வேறு கணக்கு. பெற்றோரே! பள்ளிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: எத்தனை கணினி ஓடுகிறது? எத்தனை பிள்ளை தொட்டது? மாலையில் அறையைத் திறந்துவிடுவீர்களா?

வரி நம் வியர்வை. கணக்குக் கேட்பது நம் உரிமை!