மூணு கம்பெனி கொட்டேஷனும் ஒரு மாத்திரை அட்டையும்

"டாக்டர், பத்து லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். ஏஜென்ட் மூணு கம்பெனி ரேட்டு போட்டு ஒரு ஷீட் அனுப்பிருக்கார். இதுல எது நல்லது?"

2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18% ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க இல்லையா, அதுக்கப்புறம் இந்தக் கேள்வி எனக்கு நிறைய வருது. ஆளுக்கொரு பதில் டைப் பண்ணி விரல் வலிக்குது. அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து படிங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் அரசு ஆஸ்பத்திரில வேலை பாக்குற எம்பிபிஎஸ் டாக்டர். இன்சூரன்ஸ் விக்கிறவன் இல்ல. எந்தக் கம்பெனி பேரும் இங்க வராது. ஆனா பாலிசி கிழியற இடம் எதுன்னு எனக்குத் தெரியும். அது கேஸ் ஷீட். அதை எழுதுறது நாங்க.

என் மாமா கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவோட தம்பி. சின்னதா ஹார்டுவேர் கடை. 54 வயசுல, பையன் நச்சரிச்சதால பாலிசி எடுத்தார். தெருவுல தெரிஞ்ச ஏஜென்ட், நல்ல பழக்கம். அவரும் ஒரு ஷீட் கொடுத்தார். மூணு கட்டம், மூணு பிரீமியம். எது குறைச்சலோ அதுல மாமா டிக் அடிச்சார். அவருக்கு ஆறு வருஷமா சர்க்கரை, காலை ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. அதையும் ஏஜென்ட்கிட்ட சொல்லியிருக்கார். அவர் சொன்ன பதில் இது: "அதெல்லாம் போட வேண்டாம் சார். போட்டா பிரீமியம் ஏறும், மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் கூப்பிடுவான். மூணு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் கேக்க மாட்டான்." அப்புறம் போன்ல, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்." சொல்லிட்டார். பாலிசி ரெடி.

பதினாலு மாசம் கழிச்சு வண்டில இருந்து விழுந்து கால் எலும்பு முறிஞ்சது. தனியார் ஆஸ்பத்திரில பிளேட் வெச்சு ஆபரேஷன். விபத்துக்கு வெயிட்டிங் பீரியட் கிடையாது, பணம் வந்திருக்கணும். ஆனா மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதின குறிப்புல "சர்க்கரை நோய், 6 வருடங்களாக" அப்படின்னு ஒரு வரி. அவர் எழுதியே ஆகணும், நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். கம்பெனி அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிச்சு. உண்மையை மறைச்சு பாலிசி எடுத்ததா சொல்லி கேஸ்லெஸ் நிராகரிப்பு, அடுத்த வாரமே பாலிசி ரத்து. "சர்க்கரைக்கும் கால் உடைஞ்சதுக்கும் என்னடா சம்பந்தம்?"னு மாமா என்னைத்தான் திட்டினார். அத்தையோட வளையல் அடகுக்குப் போனது.

ஏஜென்ட்டா? "பிராஞ்ச்ல பேசறேன் சார்"னு சொன்னவர் பேசிக்கிட்டே இருக்கார்.

இப்ப அந்த "மூணு வருஷம் தாண்டிட்டா" விஷயத்துக்கு வர்றேன். இது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட இதுதான் ஆபத்து. ஏற்கெனவே இருக்குற நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம்தான் வெயிட்டிங் பீரியட் வைக்கலாம்னு ஐஆர்டிஏஐ 2024ல விதியை மாத்திச்சு. முன்னாடி 48 மாசம். ஆனா அந்த 36 மாசக் கணக்கு நீங்க சொல்லி எடுத்த நோய்க்குத்தான். சொல்லாத நோய்க்கு அந்தக் கடிகாரமே ஓடாது. மறைச்சுட்டீங்கன்னு சொல்லி கம்பெனி பாலிசியைக் கேள்வி கேக்க முடியாதபடி ஆகணும்னா, விடாம 60 மாசம் கட்டியிருக்கணும். அதுக்கப்புறமும் மோசடின்னு நிரூபிச்சா விட மாட்டாங்க. ஆக மாமா சர்க்கரையைச் சொல்லியிருந்தா, பிரீமியம் கொஞ்சம் ஏறியிருக்கும், சர்க்கரை சம்பந்தப்பட்டதுக்கு மூணு வருஷம் காத்திருந்திருப்பார், கால் உடைஞ்ச பணம் சத்தமில்லாம வந்திருக்கும்.

சரி, மூணு கம்பெனி ஷீட்டுக்கு வருவோம்.

உங்க முன்னாடி உக்காந்திருக்கிறவர் தனிநபர் ஏஜென்ட்டா இருந்தா, சட்டப்படி அவர் ஒரு லைஃப் கம்பெனி, ஒரு ஜெனரல் கம்பெனி, ஹெல்த் மட்டும் பண்ற ஒரு கம்பெனி, இவ்வளவுக்குத்தான் வேலை செய்ய முடியும். அதாவது ஹெல்த் பாலிசின்னு பாத்தா அவர் பைல ரெண்டுக்கு மேல இருக்க வழியில்ல. அப்ப ஷீட்டுல மூணாவது கம்பெனி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தோக்குறதுக்காக வந்தது. பொண்ணு பாக்கப் போகும்போது கூட ஒரு சுமாரான நண்பனைக் கூட்டிட்டுப் போற மாதிரி.

புரோக்கர் வேற. அவர் பல கம்பெனி பாலிசி விக்கலாம். சட்டப்படி அவர் உங்க பக்கத்து ஆள், ஏஜென்ட் கம்பெனி பக்கத்து ஆள். ஆனா ரெண்டு பேருக்கும் கமிஷன் கொடுக்குறது கம்பெனிதான், அதையும் மறக்க வேண்டாம். அதனால முதல் கேள்வி பிரீமியம் எவ்வளவுன்னு இருக்க வேண்டாம். "நீங்க ஏஜென்ட்டா, புரோக்கர் ஆளா? எத்தனை கம்பெனிக்கு லைசென்ஸ் வெச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா அதுவே பதில்.

இன்னொண்ணு. "முதல் வருஷ கமிஷன்ல பாதியை உங்களுக்கே திருப்பித் தந்துடறேன் சார்"னு சொல்ற ஏஜென்ட் இருக்கார். 1938 இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 41படி அது குற்றம், வாங்குறவருக்கும் சேர்த்து. உங்க வீட்டு ஹால்ல உக்காந்து சட்டத்தை மீறுறவர், ப்ரொபோசல் ஃபார்ம்ல மட்டும் ஒழுங்கா இருப்பாரா?

பிரீமியத்தை மட்டும் வெச்சு ஒப்பிடணும்னு ஆசை இருந்தா அதுக்கும் ஒரு பாலிசி இருக்கு. ஆரோக்கிய சஞ்சீவனி. 2020ல ஐஆர்டிஏஐ கொண்டு வந்தது. எந்தக் கம்பெனில எடுத்தாலும் சரத்துகள் ஒண்ணுதான், விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதுல விலையை ஒப்பிடுங்க, அர்த்தம் இருக்கு. மத்த பாலிசில விலையை மட்டும் ஒப்பிடுறது, கத்திரிக்காய் கிலோ விலையையும் கறி கிலோ விலையையும் பக்கத்துல எழுதி வெச்சுட்டு எது சல்லிசுன்னு கேக்குற மாதிரி.

ரேட்டு குறைச்சலா இருக்குற பாலிசில ரேட்டு எங்கயோ ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் ரூம் ரென்ட்ல. ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், பொறுமையா பாருங்க.

மூணு லட்சம் பாலிசி. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1%, அதாவது 3,000. நீங்க ஏசி ரூம் கேட்டு 6,000 ரூபா ரூம்ல அஞ்சு நாள் இருக்கீங்க. ரூம் பில் 30,000. டாக்டர், நர்சிங், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, டெஸ்ட், உள்ள வெச்ச பிளேட் 80,000. மொத்தம் 2,30,000. எல்லாரும் நினைக்கிறது என்னன்னா, ரூம்ல தினம் 3,000 அதிகம், அஞ்சு நாளைக்கு 15,000 கையில இருந்து போகும், அவ்வளவுதானே. இல்ல. விகிதாச்சாரக் கழிவுன்னு ஒண்ணு இருக்கு. தகுதிக்கு இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாத்துலயும் பாதிதான் கொடுப்பான். மருந்து, டெஸ்ட், பிளேட்ல மட்டும் அந்தக் கழிவு கிடையாது. ஆக வர்றது 15,000 + 60,000 + 80,000 = 1,55,000. உங்க கையில இருந்து 75,000. டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லிங் கவுன்ட்டர் முன்னாடி கத்துற நிறைய பேரோட கதை இதுதான். ரூம் ரென்ட் வரம்பு இல்லாத பாலிசிக்கு வருஷம் கொஞ்சம் கூடக் கட்டலாம். அப்படி முடியலன்னா குறைஞ்சபட்சம், அட்மிஷன்போதே "என் பாலிசிக்கு எந்த ரூம்?"னு கேட்டு அந்த ரூம்ல படுங்க.

கோ-பே இருக்கா, கண் புரைக்கும் மூட்டு மாற்றுக்கும் தனி வரம்பு இருக்கா, ஹெர்னியா, மூலம் மாதிரி ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணுமா, இதெல்லாம் பாலிசியோட தர்ற வாடிக்கையாளர் தகவல் தாள்ல இருக்கும். சில பக்கம்தான், படிச்சுடலாம். பிடிக்கலன்னா 30 நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம், அதுக்கும் விதி இருக்கு.

"இந்தக் கம்பெனி க்ளைம் செட்டில்மென்ட் 95% சார்"னு சொல்வாங்க. நூறு பேர்ல எத்தனை பேருக்குப் பணம் போச்சுன்னு அது சொல்லும். ரெண்டு லட்சம் கேட்டவருக்கு எழுபதாயிரம் கொடுத்தாலும் அது "செட்டில்" ஆனதுதான். "பத்தாயிரம் ஆஸ்பத்திரி நெட்வொர்க்"ம் அப்படித்தான். உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா போற அந்த ரெண்டு ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கா? அது இருந்தா போதும், மிச்சம் 9,998 எங்க இருந்தா நமக்கென்ன.

இப்ப எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும், இல்லன்னா நியாயம் இல்ல.

நைட் டூட்டில ஹவுஸ் சர்ஜன் ஹிஸ்டரி எடுப்பார். நோயாளி மயக்கத்துல. கூட வந்த மச்சான்கிட்ட "சுகர் எத்தனை வருஷமா?"ன்னு கேப்பார். அவர் "அது இருக்கும் சார் ஒரு பத்து வருஷம்"பார். கேஸ் ஷீட்ல "10 வருடம்" ஏறிடும். உண்மையில ரெண்டு வருஷம்தான் இருந்திருக்கும். எப்பவாவது கல்யாண வீட்டுல பீர் குடிச்சவர் பேருக்குக் கீழ "குடிப்பழக்கம் உண்டு"ன்னு மொட்டையா ஒரு வரி. எங்களுக்கு அது ஒரு வரி, ஒரு குடும்பத்துக்கு ரெண்டு லட்சம். நானே அப்படி எழுதியிருக்கேன். மாமா விஷயத்துக்கு அப்புறம்தான் "யார் சொன்னது"ன்னும் சேர்த்து எழுத ஆரம்பிச்சேன். நீங்களும் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் வாசல்லயே நின்னு படிங்க. தப்பா இருந்தா, பழைய சீட்டைக் காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்க.

ஆனா, "டாக்டர், சுகரை எழுதாம விட்டுடுங்க, இல்ல ஒரு வருஷம்னு போடுங்க"ன்னு கேக்காதீங்க. வாரத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க. முடியாது. அந்த வரியைப் பாத்துத்தான் அடுத்த டூட்டி டாக்டர் இன்சுலின் போடுவார்.

க்ளைமை நிராகரிச்சுட்டாங்கன்னா முடிஞ்சுபோச்சுன்னு உக்காந்துடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் இல்ல, இல்ல பதில் திருப்தி இல்லன்னா, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். நமக்கு சென்னைல ஆபீஸ் இருக்கு. 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம். கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம். மாமா போனார். கால் முறிஞ்சதுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லன்னு பேசி, பில்லுல ஒரு பகுதி கிடைச்சது. பாலிசி திரும்ப வரல. வளையலை மீட்டதுக்கு அப்புறம் கையில மிஞ்சினது கம்மி.

இப்ப அவருக்கு 56. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், கடைக்காரருக்கு அந்த வருமானச் சான்று கிடைக்காது. எழுபது வயசு ஆயிட்டா வருமானம் பாக்காம மத்திய அரசு திட்டத்துல அஞ்சு லட்சம் உண்டு, அதுக்கு இன்னும் 14 வருஷம். திட்டத்துக்கு மேல, பணக்காரனுக்குக் கீழ நிக்கிற இந்த ஆளுங்களுக்குத்தான் பாலிசி ரொம்ப அவசியம். அவங்களைத்தான் "போட வேண்டாம் சார்"னு ஏமாத்துறாங்க.

எல்லா ஏஜென்ட்டும் அப்படி இல்ல. போன வருஷம் என் அம்மாவுக்கு எடுத்தேன். வந்தவர் பிரீமியத்தைப் பத்திப் பேசவே இல்ல. "அம்மா, நீங்க சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க"ன்னார். அம்மா பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, எனக்கே தெரியாம பக்கத்து மெடிக்கல்ல வாங்கிச் சாப்பிட்ட ஒரு வலி மாத்திரை, எல்லாத்தையும் டேபிள்ல கொட்டினாங்க. ஒவ்வொண்ணா பேரு பாத்து ஃபார்ம்ல எழுதினார். 2003ல நடந்த கர்ப்பப்பை ஆபரேஷனையும் கேட்டு எழுதினார், மகன் எனக்கே அது ஞாபகம் இல்ல. ஃபார்மை முழுசா படிச்சுக் காட்டிட்டுத்தான் ஓடிபி கேட்டார். கம்பெனி டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டது, பிரீமியமும் ஏத்திச்சு. மாமாவோட ஷீட்டுல இருந்த குறைஞ்ச ரேட்டு மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல கட்டறேன். வலிக்குது. ஆனா அம்மா ஃபைல்ல ஃபார்ம் நகல், மாத்திரை லிஸ்ட், டெஸ்ட் ரிப்போர்ட் மூணும் பின் அடிச்சு இருக்கு.

கமென்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். எந்தக் கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க. ஷீட் அனுப்புறவங்க ப்ரொபோசல் ஃபார்மையும் சேர்த்து அனுப்புங்க, அதைத்தான் முதல்ல பாப்பேன்.