தற்காப்புக்கு எக்கத்தி?

"தன்னைக் காத்துக்கொள்ளக் கத்தியொன்று இடுப்பில் இருத்தல் வேண்டும்" என்னும் பேச்சு இளைஞரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. கேட்பதற்கு எழுச்சியான பேச்சுத்தான். ஆயின், எக்கத்தி எத்தொழிலுக்கென வடிக்கப்பெற்றது, எவர் இசைவால் எவர் இடுப்பில் தொங்குகின்றது என்பனவற்றை எண்ணிப் பாராது எழும் பேச்சு அது.

நேபாளக் கூர்க்கரின் குக்குரியை முதற்கண் நோக்குக. அதன் அலகு உள்நோக்கி வளைந்து, முன்பகுதி அகன்று கனத்திருக்கும். கனம் முன்னே நிற்றலால், வீசுங்கால் கைவலிமையினும் அலகின் எடையே மிகுதியும் வெட்டுகின்றது. பெயர் கத்தி, தொழில் கோடரியினது. விறகு பிளத்தலும் புதர் களைதலும் இறைச்சி துணித்தலும் அதன் அன்றாட வேலைகள். உறையிலேயே சிறு கத்தியொன்றும் தீட்டுதற்குரிய கருவியொன்றும் உடன் செருகப்பட்டிருத்தல், அஃது உழைப்பாளியின் கருவி என்பதற்குப் போதிய சான்று. நெருங்கிக் கட்டிப் பிடித்தவனிடம் அதனை வீசுதற்கு இடமே இராது.

இதற்கு நேர்மாறானது கட்டாரி. இருபுறக் கம்பிகளுக்கிடையே பிடி குறுக்காக அமைந்திருத்தலின், மூடிய கையின் நீட்சியே போல் அலகு நிற்கும். வெட்டுதற்கன்று, குத்துதற்கே அமைந்தது. தஞ்சைப் படைக்கலக் கொட்டிலில் இருந்த பழங் கட்டாரிகள் பல, புறங்கையை மறைக்கும் கவிந்த தகடு உடையன. தாக்குங் கருவியிலும் கையைக் காக்கும் எண்ணத்தை வைத்த கொல்லன் அறிவு பெரிது! 1860-களில் வெள்ளையராட்சி அக்கொட்டிலைக் கலைத்தபோது பெரும்பகுதி பழைய இரும்பாய் உடைபட்டது. எஞ்சியவற்றுட் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வடிவம் இருக்கட்டும், அணியும் உரிமை வந்த வழிதான் தமிழர் ஊன்றி நோக்கத் தக்கது.

குடகர் தம் கருநிற மேலாடையின்மீது செம்பட்டுக் கச்சை கட்டி, முன்புறம் வெள்ளி வேய்ந்த பிச்சாங்கத்தியும், முதுகுப்புறம் பித்தளைக் கொளுவியில் அகன்ற ஒடிக்கத்தியும் செருகுவர். (நம் கத்தி அவர்தம் மொழியிலும் கத்தியாகவே வழங்குதல் மகிழ்தற்குரியது.) 1861-இல் ஆணையர் மார்க்கு கப்பன் அவர்களைப் படைக்கலச் சட்டத்தினின்று விலக்கினார், அதற்குக் காட்டிய ஏதுக்களுள் ஒன்று அவர்தம் ஆங்கிலப் பற்றுறுதி! துமுக்கிக்கான அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

சீக்கியர் வரலாறு வேறு. 1699-இல் குரு கோவிந்தசிங்கு கால்சாவை அமைத்த நாள்தொட்டுக் கிருபாண் அவர்தம் சமய அடையாளங்களுள் ஒன்று. 1920-களின் தொடக்கத்தில், அதன் நீளம் மிகுந்தது என்று காரணங்காட்டி ஆங்கிலவரசு பலரைச் சிறையிலிட்டது. அவர்கள் கத்தியைக் குறுக்கிக்கொண்டு வெளிவரவில்லை. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கிருபாண் அணிதலை வெளிப்படையாக ஏற்றுள்ளது. பற்றுறுதிக்குக் கிடைத்த பரிசினும் சிறைப்பட்டு நிலைநாட்டிய உரிமை மேலானது என்பதில் ஐயமென்ன?

தமிழர்க்கு நேர்ந்ததோ மூன்றாவது வகை. மருதிருவர் 1801 அக்குதோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு திசம்பர் முதல்நாளே, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு பாளையக்காரர் நாட்டு மக்கள் படைக்கலம் தாங்கலாகாதென அறிக்கை விடுத்தார். எதிர்த்துப் போரிட்டமையால் பறிபோன உரிமை அது.

உரிமை பறிபோயிற்றென்று இன்று கடையிற் கத்தி வாங்கி மடியிற் செருகுவது அதனை மீட்பதாகாது. சமற்கிருதப் பெயர் சூட்டப்பெற்று 2024 சூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியற் சட்டமும், அதற்கு முன்னிருந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்றே, தற்காப்புரிமையை ஒப்புகின்றது. ஆயின், காத்துக்கொள்ளத் தேவையான அளவினும் மிகுதியான தீங்கு செய்தலை அஃது ஒப்பவில்லை. அரசுக் காவலை நாட நேரமிருந்தும் நாடாதவனுக்கு அவ்வுரிமையே இல்லை. கையோங்கியவனைத் தடுத்தற்கு ஒரு தடி போதுமாயிருந்த இடத்துக் கத்தியை உருவியவன், தானே குற்றவாளிக் கூண்டில் நின்று மறுமொழி கூற வேண்டியவனாகின்றான். அன்றியும், உருவிய கத்தியை எதிரி பறித்துக்கொள்ளின், தற்காப்புக்கென வாங்கியதே தன் உயிர்க்கு இறுதியாகும். பயிற்சியற்ற கைக்குக் குக்குரியும் ஒன்றே, கட்டாரியும் ஒன்றே.

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் வந்த 1962-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளைப் படைக்கலப் பட்டியலிற் சேர்த்தன. கிருபாணையும் குக்குரியையும் பெயர் கூறியே சுட்டின. அரிவாளை அவை பெயர் கூறவில்லை; வீட்டு வேலைக்கும் உழவுக்கும் உரியவற்றைப் பொதுவாக விலக்கிவிட்டன. கதிரறுக்கச் செல்பவன் கையில் அஃது உழவுக் கருவி. நள்ளிரவில் துணியிற் சுற்றி அதனை எடுத்துச் செல்பவனைக் காவலர் நிறுத்தினால், எந்த வயலில் அறுவடை என்று கேட்கத்தான் செய்வர்.