ரஃபேலும் மொத்த விலையும்

மருங்காபுரியில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆபீசுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய காகிதத்தைப் பிரித்துப் பிரித்து வாங்கினால் தணிக்கைக்காரர் ஆட்சேபணை எழுதிவிடுவார். மொத்தமாக வாங்கினால்தானே விலை குறையும்?

டில்லிக்கு இது பொருந்தாதோ! 2007-ல் போர் விமானத்துக்கு டெண்டர் விட்டது 126-க்கு. 2016-ல் ரஃபேல் வாங்கியது 36. நமக்கென்று செய்யும் மாற்றங்களுக்கு மட்டும் 130 கோடி யூரோ என்று 2019-ல் ‘தி இந்து’ எழுதியது. 126-ஆல் வகுத்தால் விமானத்துக்கு ஒரு கோடி சொச்சம். 36-ஆல் வகுத்தால் மூன்றரைக் கோடிக்கு மேல். 2007 விலையைவிட 2.86 சதவீதம் மலிவு என்றது தணிக்கை அறிக்கை. நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை!

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ‘ப்ரீ தெ க்ரோ’ என்றால் மொத்த விலை. அது தஸ்ஸோ கம்பெனிக்குத் தெரியாதா? 2025-ல் கடற்படைக்கு இன்னும் 26 கேட்டோம். ரகம் சற்று வேறுதான், கம்பெனி அதேதான். 62-ஐயும் ஒரே தாளில் எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா?