செய்கூலி திரும்பி வராது!

வேகமாக ஓடும் கார் மீது இளைஞர்களுக்கு ஆசை வருவது இயற்கை. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் "இன்றைக்குப் பணம் போட்டு வண்டியை மாற்றினால், நாளைக்கு விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

பெங்களூருவில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மகன் நாலரை லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய போலோ ஜி.டி. காரை வாங்கினான். பிறகு அகலச் சக்கரம், பெரிய சைலன்சர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், எஞ்சின் கம்ப்யூட்டரில் மாற்றம் என்று இரண்டு லட்சம் வரை செலவு செய்தான். அதில் பாதி கடன்.

இரண்டு ஆண்டு கழித்துத் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. காரை விற்க முடிவு செய்தார்கள். "ஆறரை போட்டிருக்கிறேன், ஐந்தாவது வரும்" என்றான் பையன். வந்த புரோக்கர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் ஏறவில்லை. அதே ஆண்டில் வந்த, யாரும் கை வைக்காத காருக்கு அவர்களே அதிகம் கொடுத்தார்கள்! கடைசியில் தந்தையின் பிராவிடண்ட் பண்டு பணம்தான் கல்யாணத்துக்குக் கை கொடுத்தது.

ஏன் இப்படி?

நகை விற்கப் போன தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறோம். விற்கும்போது கடைக்காரர் தங்கத்தின் எடையை மட்டும்தான் பார்க்கிறார். காரில் செய்யும் மாற்றமும் செய்கூலிதான். நகையிலாவது தங்கம் தங்கமாகவே இருக்கும். காரிலோ, "உள்ளே என்ன தேய்ந்திருக்கிறதோ" என்று சந்தேகப்பட்டு, அதற்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள்.

அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 2013-ல் வந்த போலோ ஜி.டி. பெட்ரோல் காரின் எஞ்சின் 105 குதிரைத்திறன் கொண்டது. கம்ப்யூட்டரை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும். ஆனால் கிளட்சும் கியர் பெட்டியும் அதே பழையவைதான்! எவ்வளவு சுமை ஏற்றினார்கள், எத்தனை நாள் விரட்டினார்கள் என்பது வெளியே தெரியாது. தெரியாத பொருளுக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. 2022-ல் போலோ உற்பத்தி இந்தியாவில் நின்றுவிட்டது. ஆகவே பழுது வந்தால் என்ன செய்வது என்ற கவலையும் வாங்குபவருக்கு உண்டு.

அபூர்வமான கார்களின் கதையும் இதுதான். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்ற வேகக் கார் 2020-ல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்தது. இப்படிப்பட்ட காரைத் தேடுகிறவர்கள் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். வண்டியை வாங்கியவர் புதிய உரிமையாளர். போலீசார் மறித்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இதற்குப் பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இன்சூரன்சிலும் சிக்கல் உண்டு. செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். வண்டியின் மதிப்பையும் வயதை வைத்தே கழிப்பது வழக்கம். ஓராண்டு கடந்தால் 20 சதவீதம், நாலாண்டு கடந்தால் 50 சதவீதம். நீங்கள் மாட்டிய பாகத்தை முறையாக எழுதிச் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கர்நாடகப் பதிவுள்ள காரை ஊரோடு கொண்டு போனால், 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்கும்போது தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது வண்டியையும் காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே யார் கண்ணிலும் படாத மாற்றம் அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. ஊரை எழுப்பும் சத்தத்தை அடக்க வேண்டியதுதான். ஆனால் ஜெர்மனியில் வேறொரு வழியும் வைத்திருக்கிறார்கள். அங்கே மாற்றிய வண்டியை அங்கீகாரம் பெற்ற நிபுணர்கள் சோதிக்கிறார்கள். சரியாக இருந்தால் வண்டியின் காகிதத்திலேயே பதிவாகிவிடும். வாங்குபவருக்கு ஒளிவு மறைவு இல்லை. நம் நாட்டில் காஸ் கிட் பொருத்த அனுமதி முறை இருக்கிறது. பாதுகாப்பான மற்ற பாகங்களுக்கும் அப்படி ஒரு தெளிவான பட்டியலும் சோதனையும் இருந்தால் என்ன? வழியே இல்லையென்றால் திருட்டு வழிதான் பெருகும்.

அந்த நாள் வரும்வரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், கழற்றிய பழைய பாகங்களைக் குஜிலியில் போடாமல் பத்திரமாக வையுங்கள். விற்கும் முன் அவற்றையே திரும்ப மாட்டுங்கள். புதிய பாகங்களைத் தனியே விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கும். கம்ப்யூட்டரில் செய்த மாற்றத்தை மட்டும் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். நாளை அந்தக் கிளட்ச் போனால் அழப்போவதும் நம்மைப் போல் ஒரு சம்பளக்காரர்தான்.

வாங்கப் போகிறவர்கள், பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யையும் வண்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கம்பெனி ஒர்க் ஷாப்பில் ஒருமுறை காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள். அந்தச் சில ஆயிரம் ரூபாய் வீண் செலவல்ல.

ஆசைக்காக மாற்றுகிறவர்கள், கையில் மிஞ்சிய காசில் மாற்றிக்கொள்ளட்டும். அந்தப் பணத்தை அன்றே செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். அதைச் சேமிப்பு என்று நினைத்துக் கடன் வாங்கினால், தங்கையின் கல்யாணத்தன்று கணக்குப் புத்தகம் உண்மையைச் சொல்லிவிடும்.