விசில் ஊதினால் அடுப்பை அணைப்போம்

2022 டிசம்பர் 18. கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உலகக்கோப்பை இறுதியாட்டம். நமக்கு இரவு எட்டரை மணி. எங்கள் வீட்டுக் கூடத்தில் கணவர், அவருடைய தம்பி, பக்கத்து வீட்டு நண்பர்கள் இருவர், மகன், மகள். நானும் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

எதைப் பார்த்தேன்? 23ஆவது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைப் பார்த்தேன். 36ஆவது நிமிடத்தில் டி மரியா அடித்த கோலைத் தோசைக்கல்லின் முன் நின்று கூச்சலாகக் கேட்டேன். இடைவேளையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அதனால் இரண்டாம் பாதி எனக்குப் பத்துப்பாத்திரத்தோடு போனது. 80ஆவது நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒரு கோல் திருப்பியதும் ஈரக்கையோடு ஓடிவந்தேன். "ஆட்டம் சூடு பிடிச்சிருச்சு, அப்படியே ஒரு டீ போட்டுடேன்" என்றது ஒரு குரல். பாலை அடுப்பில் வைப்பதற்குள் அடுத்த கோலும் விழுந்துவிட்டது. மெஸ்ஸியிடமிருந்து பறித்த பந்து துராமிடம் போய்த் திரும்ப, சாய்ந்து விழுந்தபடியே எம்பாப்பே உதைத்த அந்த உதையை மறுநாள் கைப்பேசியில்தான் பார்த்தேன்.

"உன்னை யார் உட்கார வேண்டாம் என்று சொன்னது?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். யாரும் சொல்லவில்லைதான். சொல்லாமலேயே நடக்கும்படி வீட்டைக் கட்டி வைத்திருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும்? கூடத்தில் இருந்தவர்களுக்கு வீடு என்பது வேலை முடிந்து வந்து சேரும் இடம். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வரும் எனக்கு அது அடுத்த வேலை தொடங்கும் இடம். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்களோ 97 நிமிடங்கள். கால்பந்துக் கணக்கில் சொன்னால், நாம் தினமும் மூன்று முழு ஆட்டங்களுக்கும் மேல் ஆடுகிறோம். அவர்கள் ஓர் ஆட்டத்தோடு வெளியேறிவிடுகிறார்கள். அதிலும், வீட்டுவேலையைத் தொடுகிற ஆண்களே நான்கில் ஒருவர்தான்.

பந்து நமக்கு அந்நியமானதா? சங்கப் பாடல்களில் பந்தாடுகிறவள் பெண். அவள் பருவமெய்தியதும் வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள். இற்செறிப்பு என்று அதற்கு அழகாகப் பெயரும் வைத்தார்கள். நானே அதை வகுப்பில் அகத்துறை என்று நடத்துகிறேன். இங்கிலாந்தில் வேறு பெயர் வைத்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவை திறக்கவில்லை. பந்தைப் பறித்தவர்களே இன்று நம்மைப் பார்த்து, "ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியுமா?" என்று தேர்வு வைக்கிறார்கள். சோபாவில் சாய்ந்திருக்கும் எந்த ஆணிடமும் அந்தக் கேள்வி போவதில்லை. அதே கத்தார் உலகக்கோப்பையில், டிசம்பர் 1 அன்று, ஜெர்மனி–கோஸ்டாரிகா ஆட்டத்தை நடுவராக நின்று நடத்தியவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் என்ற பெண். ஆஃப்சைடை அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவு பேசுகிற நான் அன்றிரவு என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். டீயை ஊற்றிவிட்டு, எடுத்துப் போக மகளைக் கூப்பிட்டேன். மகனை அல்ல. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பின்னால் நடந்து வந்தவள் கேட்டாள்: "ஏம்மா, அண்ணன் சும்மாதானே உட்கார்ந்திருக்கான்?" பதினைந்து வருடமாகப் பெண்ணெழுத்து பற்றி மேடையில் பேசி வருகிறவளிடம் அதற்குப் பதில் இல்லை. அவளை அடுக்களைக்கு அழைத்தது மாமியாரோ கணவரோ அல்ல. நான்தான்.

அடுப்பை அணைத்தேன். டீத்தட்டை மகன் கையில் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் மகளோடு உட்கார்ந்தேன். கூடுதல் நேரம் முழுவதையும் பார்த்தேன். 108இல் மெஸ்ஸி, 118இல் மீண்டும் எம்பாப்பே, கடைசி நொடிகளில் காலை நீட்டிக் கோலைத் தடுத்த மார்டினெஸ். மூன்றுக்கு மூன்று. பெனால்டியில் நான்குக்கு இரண்டு என்று அர்ஜென்டினா வென்றபோது நானும் மகளும் கத்திய கத்தலில் தெரு நாய்கள் குரைத்தன. மிச்சப் பாத்திரங்கள் விடியும்வரை தொட்டியிலேயே கிடந்தன. வீடு இடிந்து விழவில்லை.

ஓய்வு என்பது யாரோ தரும் சலுகை அல்ல. "நீயும் வந்து உட்காரேன்" என்ற அழைப்பு நமக்குப் போதாது. அவர்கள் எழுந்திருக்க வேண்டும். நாம் உட்காருவதற்கு முன் நடக்க வேண்டியது அதுதான். விசில் ஊதிய பிறகு டீ வேண்டுகிறவர்கள் அவரவர் டீயை அவரவரே போட்டுக்கொள்ளட்டும். கோல் விழுந்தால் கூடத்திலிருந்து சத்தமாகச் சொல்கிறோம்.