கைக்குக் கைகொடுக்கும் நரம்பு

‘நரம்பு’ என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கின்றோம். ஊசி போட நரம்பு அகப்படவில்லை என்கிறோம். அது இரத்தக் குழாய். நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். அது பெரும்பாலும் தசை. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது உண்மையான நரம்பு. மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்ச்சியை மூளைக்கும் கொண்டு செல்வது அதுவே.

நம் சங்கக் குடும்பங்களின் இளைஞர் பலர் மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குச் செல்கின்றனர். விபத்தில் தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாக இழுபட்டு விழுந்தால், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அறுபடக்கூடும். எலும்பு முறிவில்லாமலேயே கை துவண்டு தொங்கும்.

அறுந்த முனைகள் அருகில் இருப்பின் தைத்துவிடலாம். இடைவெளி பெரிதாயின் இழுத்துத் தைத்தல் ஆகாது, தையல் பிடிக்காது. ஆகவே நோயாளியின் உடம்பிலிருந்தே வேறொரு நரம்பை எடுத்து இடையில் வைத்து, மயிரினும் மெல்லிய நூலால் தைக்கின்றனர். வியன்னா நகர மருத்துவர் ஹான்னோ மில்லேசி 1972இல் இம்முறையின் சிறப்பை விளக்கி எழுதினார். ஒட்டு வைத்த துண்டு தானே செய்தி சுமப்பதில்லை. அதன் பழைய இழைகள் அழிய, எஞ்சிய உறையின் வழியே புதிய இழைகள் வளர்கின்றன. அது தண்டவாளம், வண்டி அன்று.

இந்த நரம்பை எங்கிருந்து எடுப்பது? கெண்டைக்காலின் பின்புறத்து நரம்பே நெடுங்காலமாக எடுக்கப்படுவது, அது நீளமானது. முன்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பையும் எடுக்கின்றனர். அடிபட்ட கையிலேயே அது கிடைப்பதால் காலைத் தொட வேண்டுவதில்லை. அவ்விடம் முன்னமே மரத்திருப்பின் புதிய இழப்பும் இல்லை. முன்பெல்லாம் இதற்காகக் கையை நெடுகக் கீறினர். இன்று இரண்டு மூன்று சிறு கீறல்களின் வழியே, சிலவிடங்களில் உள்நோக்குக் கருவியின் துணையோடு, நரம்பை விடுவித்து எடுக்கின்றனர். வடு சிறிது. எனினும், எடுக்கும்போது நரம்பு நசுங்கினாலோ இழுபட்டாலோ ஒட்டு பயன்படாது. எனவே பழகிய கை வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகக் கூற விரும்புவது காலத்தைப் பற்றியது. நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள தசையை அடைய 300 நாட்கள். நரம்பற்ற தசையோ 12 முதல் 18 மாதங்களுக்குள் மீளாத நிலையை எய்திவிடும். எண்ணெய் தேய்த்தும் கட்டுப் போட்டும் ஆறு மாதம் கழித்துவிட்டால், நரம்பு சென்று சேர 16 மாதமாகும். அப்போது வண்டி வந்தும் நிலையம் பூட்டிக் கிடக்கும். விபத்துக்குப் பின் கை அசையவில்லையெனில், நரம்பு அறுவையில் தேர்ந்தவரை உடனே காண்க. சிகிச்சைக்கு ஏற்ற காலம் பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களே.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும்: எந்த நரம்பை எடுப்பீர்கள்? எவ்விடம் மரத்துப்போகும்? கீறல் எவ்வளவு நீளம்? மொழி தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. மரத்த தோல் சூட்டை அறியாது. அடுப்பங்கரையிலும் இஸ்திரிப் பெட்டியருகிலும் எச்சரிக்கை தேவை. புது நரம்பு வந்து சேரும்வரை மூட்டுக்கள் இறுகாமல் நாள்தோறும் பயிற்சியும் வேண்டும். இம்மாதங்களில் பொறுமை தளரக்கூடும். அப்போது தாங்க வேண்டியவர்கள் வீட்டாரே.