வெட்ட வேண்டாம் தம்பி



காரை இறக்கிப் பார்க்க ஆசைப்படும் தம்பிகளின் கடிதங்கள் நிறைய வருகின்றன. இந்த மாதம் திருவதிகையிலிருந்து ஒன்று. "லோயரிங் ஸ்பிரிங் வாங்கட்டுமா சார், இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வெட்ட வேண்டாம் தம்பி. காயிலின் முனையை அதன் தட்டில் பொருந்தி உட்காரும்படி செய்திருக்கிறார்கள். அறுத்த முனை அப்படி உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது காயில் இடம் மாறிவிடலாம். காஸ் வைத்து அறுத்தால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

முறையான லோயரிங் ஸ்பிரிங் வேறு ரகம். பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கும். சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடம் குறைந்துவிடுவதால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகவே செய்வார்கள். அதன் துள்ளலை அடக்கப் பழைய ஷாக் அப்சர்பருக்குத் தெம்பு போதாது. அதற்கென்றே உள்ள ஷாக்கும் சேர்த்து வாங்க வேண்டும். வளைவில் கார் சாய்வது குறையும் என்பது உண்மை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய பலம்.

தம்பி ஓட்டுவதோ பண்ருட்டி, நெய்வேலி, வடலூர்ப் பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன ஹேட்ச்பேக்குக்குத் தரையிலிருந்து இடைவெளி சுமார் 165 மி.மீ. அதில் 35 இறக்கினால் மிச்சம் 130. வீட்டார் ஐந்து பேர் ஏறி, டிக்கியில் நாலு பலாப்பழமும் வைத்தால் பின்பக்கம் இன்னும் அமுங்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலம்தான் காரைக் காப்பாற்றுகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர்தான் என்பதால், வயிறு மேட்டைக் கடக்கும்போது இரண்டு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். தெருமுனையில் யாரோ போட்ட ஒரு முழ அகல மேட்டில் அப்படி நடக்காது. முன் சக்கரம் இறங்கியதுமே ஆயில் சம்ப் அதில் இடிக்கும்.

முப்புரம் எரிந்த தலமான திருவதிகையில் இருப்பவருக்குத் தேர்க்கதை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட ஈசனின் தேருக்கே அச்சு முறிந்த இடம் அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். மண்ணில் ஓடும் நம் வண்டியின் அடிப்பாகத்தை நாம் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

என்னைக் கேட்டால் முதல் செலவு வேறு. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டுக் கீழே பாருங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து, தூசி அப்பிக் கறுத்திருக்கிறதா? லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் வெடித்திருக்கிறதா? டயரின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். வெளிவிளிம்பில் கோடுகள் ஆழமாக இருக்க, உள்ளே வழவழவென்று இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. காரை இறக்கினால் சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து இந்தத் தேய்மானம் இன்னும் கூடும். நல்ல ஷாக், புது புஷ், தரமான டயர்: இவை மாறினாலே கார் புதிதுபோல் ஓடும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பணம் கட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் விசாரித்துவிடுங்கள்.

சஸ்பென்ஷன் பற்றி எழுதுகிறவர்கள் காரின் மாடல், ஓடிய கிலோமீட்டர், வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்கள், எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாலும் தெரிந்தால்தான் உங்களுக்கு ஏற்ற ஸ்பிரிங்கைச் சொல்ல முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்